மருந்துவாழ்மலையில் ஏறி நம் மாவட்டத்தைப் படிப்பது எப்படி

மருந்துவாழ்மலை பெரிய மலை இல்லை. ஏறக்குறைய 800 அடி உயரம். வடக்கே தெரியும் மகேந்திரகிரி இதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் இருக்கும். ஆனாலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் புவியியலை ஒரே ஓர் இடத்தில் நின்று படிக்க வேண்டும் என்றால் நான் இந்த மலையைத்தான் சொல்வேன். அது நிற்கும் இடம் அப்படி. தபதி ஆற்றங்கரையில் தொடங்கும் மேற்குத் தொடர்ச்சி மலை 1,600 கிலோமீட்டர் தெற்கே வந்து, ஆரல்வாய்மொழியில் ஓர் இடைவெளி விட்டு, அதன் தெற்கே தெற்குமலையாகக் கொஞ்சம் எழுந்து, கடைசியில் வயலுக்கு நடுவே இந்தக் குன்றாகத் தனித்து நிற்கிறது. அதற்கப்பால் கொஞ்சம் சமவெளி, பிறகு கடல்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக் கொடுப்பவள். கணவாய், கழிமுகம், பாறைச் சிதைவு, பருவக்காற்று என்று புத்தகத்தில் தனித்தனிப் பாடமாக இருப்பவை இந்த உச்சியிலிருந்து பார்த்தால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அதனால் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கே கூட்டிவருவது என் வழக்கம். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் இதே முறை போதும்.

வீட்டிலேயே செய்ய வேண்டியது

ஒரு பெரிய வெள்ளைத் தாளில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டம் போடுங்கள். நடுவில் ஒரு புள்ளி. அதுதான் உச்சி, நீங்கள் நிற்கப்போகும் இடம். எட்டுத் திசைகளுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதுங்கள். இதைத் திசை வட்டம் என்று எங்கள் வகுப்பில் சொல்வோம். மேலே போய் இந்த வட்டத்தை நிரப்புவதுதான் வேலை. தாளை ஓர் அட்டையில் கிளிப் போட்டு வையுங்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போகும். மூன்று நிறப் பென்சில் வேண்டும்: நீருக்கு நீலம், நிலத்துக்குக் கருப்பு, மனிதர் செய்ததற்குச் சிவப்பு.

அடுத்தது வரைபடம். போனில் மேப்பைத் திறந்து நில அமைப்பு காட்டும் வகைக்கு மாற்றினால் சமவுயரக் கோடுகள் தெரியும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு மெதுவானது. மருந்துவாழ்மலையைச் சுற்றிய கோடுகள் மூடிய வளையங்களாக, மிக நெருக்கமாக இருப்பதைப் பாருங்கள். சுற்றிலும் சமவெளியில் கோடே இருக்காது. வயலில் இருந்து நேராக எழும் மலை இது, அடிவாரக் குன்றுகள் என்று படிப்படியாக ஏதும் இல்லை. விரலை அங்கிருந்து வடக்கே இழுத்துக்கொண்டு போனால் மயிலாடி, தோவாளைப் பக்கம் தெற்குமலை, பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாய், அதற்கும் மேலே கோடுகள் அடர்ந்து கறுத்துக் கிடக்கும் மகேந்திரகிரி. இந்த ஒரு கோட்டை மனதில் பதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த மாதம், எந்த நேரம்

தை, மாசிதான் என் தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று கழுவி விட்டிருக்கும், தூரத்து மலைகள் தெளிவாகத் தெரியும். குளங்களில் தண்ணீர் இருக்கும். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் விளைந்து நிற்பதால் வயல் எது, தோப்பு எது என்று நிறத்தாலேயே பிரிக்கலாம். பங்குனி பாதிக்கு மேல் புழுக்கமும் தூசியும் தூரத்தை மறைத்துவிடும். சித்திரை, வைகாசியில் பாறை தகிக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போகவே மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் வழுக்கலும் இடியும் இருக்கும். மொட்டைப் பாறை உச்சியில் இடி நேரத்தில் நிற்கக்கூடாது, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. கார்த்திகை தீபம் ஏற்றும் நாட்களில் பக்தர் கூட்டம் இருக்கும், அன்றைக்குப் படிப்பு வேண்டாம்.

ஆனி, ஆடி வேறு கதை. அப்போது காற்றைப் பார்க்கவே போகலாம். ஆனால் உச்சியில் நேராக நிற்க முடியாமல் காற்று தள்ளினால் அங்கேயே உட்கார்ந்து, இறங்கிவிட வேண்டும்.

நேரம் என்றால் விடிந்ததும் ஏறத் தொடங்குவது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பஸ்ஸில் பொற்றையடியில் இறங்கி நடக்கலாம். நிதானமாக ஏற ஒன்றரை மணி நேரம், மேலே ஒரு மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் கீழே வந்துவிடலாம்.

மலை என்றதும் குளிரும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். இங்கே நாம் ஏறுவது அதில் நாலில் ஒரு பங்கு. ஆக ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம், அதையும் உங்கள் வியர்வை மறைத்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பிடிமானமுள்ள ஷூ, தொப்பி, நாலு மட்டிப் பழம். பழத்தைப் பைக்குள் மூடி வையுங்கள், குரங்குகள் பார்த்துவிட்டால் பையோடு போய்விடும். தோலும் கவரும் உங்களோடு கீழே வர வேண்டும்.

ஏறும்போது காலடியில் பார்ப்பது

முதல் பகுதி படிக்கட்டு. பிறகு பாறை வழி. மேலே போகப் போகக் கையும் ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் வரும். மூச்சு வாங்க நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள்.

முதலில் பாறை. நம் மாவட்டத்து மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அந்த உருமாற்றம் நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்க்டிகாவும் ஒரே நிலமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. வெளிப்புறம் பழுப்பாகத் தெரியும் பாறை, உடைந்த முகத்தில் கருமையாக, சில இடங்களில் பச்சை கலந்து தெரியும். நைஸ் என்றால் வெளிறிய பட்டையும் கருத்த பட்டையும் மாறி மாறி ஓடும். குனிந்து பார்த்தால் சிவப்பாகச் சிறு மணிகள் பதிந்திருக்கும் பாறைகளும் இந்தப் பகுதியில் உண்டு. அவை கார்னெட். இந்தச் சிவப்பை நினைவில் வையுங்கள், கடற்கரையில் மறுபடி சந்திப்போம்.

அடுத்து பாறையின் வடிவம். சில இடங்களில் வெங்காயத் தோல் உரிவதுபோலப் பாறை தகடு தகடாக உரிந்திருக்கும். பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதும், மேலே இருந்த பாரம் அரித்துப் போனதால் பாறை தளர்வதும், விரிசலுக்குள் புகும் மழைநீரும் சேர்ந்து செய்யும் வேலை இது. மூலை மழுங்கி உருண்டையான பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடங்களில் இடைவெளிகள் விழுகின்றன. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துச் செய்யும் குகை வேறு, கடினப் பாறைகள் சாய்ந்து நின்று உண்டாகும் இத்தகைய குகை வேறு. பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தால் பரீட்சைக்குப் பிறகும் மறப்பதில்லை.

இந்தக் குகைகளில் தவமிருந்தவர்கள் பலர். நாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவுவதற்கு முன்பு, இங்கே பிள்ளைத்தடம் குகையில் தங்கித் தியானம் செய்தார். அய்யா வைகுண்டரின் வழி நடப்பவர்களுக்கும் இது புனித மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப்போனபோது விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. உச்சியில் ஆஞ்சநேயரை வணங்குகிறார்கள். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் சாமி கும்பிட வருகிறவர்கள். குகை வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், குரலைத் தணியுங்கள்.

பிறகு செடிகள். உயரம் குறைவு, மழையும் மாவட்டத்தின் மேற்குப் பகுதி அளவுக்கு இல்லை. அதனால் கோதையாறு, கீரிப்பாறைப் பக்கம் இருக்கும் பசுமைமாறாக் காட்டை இங்கே தேடக்கூடாது. முள்மரமும் புதரும் கொடியும் கலந்த வறண்ட காடு இது. இலை சிறிதாக இருக்கும், அல்லது பிரண்டையைப்போலத் தண்டே தண்ணீரைச் சேர்த்து வைக்கும், அல்லது முள்ளாக மாறியிருக்கும். நீர் இழப்பைக் குறைக்கச் செடி எடுத்த வழிகள்தான் மூன்றும். மூலிகை மலை என்று கேள்விப்பட்டு வேரோடு பிடுங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இந்த மெல்லிய மண்ணில் ஒரு நன்னாரி வேர் விடுவதற்கு எத்தனை மழை தேவைப்பட்டிருக்கும்! பாருங்கள், படம் எடுங்கள், பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பறிக்க வேண்டாம்.

உச்சியில்: வட்டத்தை நிரப்புவது

மேலே போனதும் போட்டோ எடுத்துவிட்டு உட்காருங்கள். பாறை விளிம்பிலிருந்து நாலடி தள்ளி உட்கார வேண்டும். போனில் திசைகாட்டியைத் திறந்து, தாளில் உள்ள வடக்கை உண்மையான வடக்கோடு பொருத்துங்கள். இனி தாள் அசையக்கூடாது, நீங்கள்தான் சுற்ற வேண்டும்.

வடக்கிலிருந்து தொடங்குங்கள். அருகில் மயிலாடி, கல்லில் சிலை செய்யும் ஊர். நம் மலைகளின் பாறையைக் கலையாக்கியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதற்கு அப்பால் தெற்குமலை, பிறகு மலை தாழ்ந்து வானம் இறங்கி வரும் இடம். அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். காற்றாலைகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும் பக்கம் முப்பந்தல். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிப் போக வழியில்லாமல், இந்த இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. அகலமான வழியில் வந்த காற்று குறுகலான வழிக்குள் நுழையும்போது வேகம் கூடும். காற்றாலைகள் அங்கே குவிந்ததற்கு இதுதான் காரணம். காற்று மட்டுமா? நாகர்கோவில் – திருநெல்வேலிச் சாலையும் ரயில் பாதையும் அதே இடைவெளி வழியாகத்தான் போகின்றன. முன்பு இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு தன் கிழக்கெல்லைக் கோட்டை வரிசையைக் கட்டியதும் அங்கேதான். 1809 பிப்ரவரியில் அந்த அரசின் தளவாயாக (தலைமை அமைச்சராக) இருந்த வேலுத்தம்பியின் படைக்கு எதிராக வந்த ஆங்கிலேயர் முதலில் பிடித்ததும் அந்தக் கோட்டை வரிசையைத்தான். வட்டத்தில் கணவாயைக் கருப்பாலும் சாலை, ரயில், காற்றாலையைச் சிவப்பாலும் குறியுங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் குவிவதைப் பார்ப்பீர்கள்.

கணவாய்க்குப் பின்னால் எழுவது மகேந்திரகிரி, சுமார் 1,650 மீட்டர். இங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அதன் மேற்கே பூதப்பாண்டிப் பக்கம் தாடகைமலை. ஒரு பெண் படுத்திருப்பதுபோல் தெரிகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிப்பதில் பெரிய சந்தோஷம்.

அங்கிருந்து மெதுவாக மேற்கே திரும்புங்கள். இந்தப் பக்கம்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே விரிவது நாஞ்சில் நாடு. வயல், குளம், வயல், தென்னை, மறுபடி குளம். நீலப் பென்சிலை எடுத்துத் தெரிகிற குளங்களை எல்லாம் குறியுங்கள். தேரூர், சுசீந்திரம் குளங்களை முதலில் அடையாளம் காணலாம். ஏழு நிலை சுசீந்திரம் கோபுரம் வழிகாட்டும். பறவைகளுக்குப் பேர்போன இந்தச் சதுப்பு நிலத் தொகுதி 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: இந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலானோர் நாம் நிற்கும் மலையைக் காட்டுவார்கள். இந்த மலையில் விழும் மழை மொட்டைப் பாறையில் வழிந்து சீக்கிரமே இறங்கிவிடும். அது அடிவாரக் குளங்களுக்கு உதவும், இவ்வளவு பெரிய பரப்புக்குப் போதாது. கீழே தெரியும் பச்சையில் பெரும்பங்கு இங்கிருந்து கண்ணுக்கே தெரியாத வடமேற்கு மலைகளின் மழை. கோதையாற்றில் 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலும், பறளியாற்றின் பெருஞ்சாணி அணையிலும் தேங்கும் நீர் தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல் என்று பிரிந்து, குளத்துக்குக் குளம் நிரம்பி, கடைமடை வரை வருகிறது. சுருளகோட்டுப் பக்கம் பிறந்து இந்த வயல்களுக்கு ஊடே ஓடும் பழையாறும் உண்டு. நடுவில் ஒரு குளத்தை மூடினால் அதற்குக் கீழே உள்ள குளமும் வயலும் பட்டினி. வரைபடத்தில் வடமேற்கு விளிம்பில் ஓர் அம்புக்குறி போட்டு ‘பேச்சிப்பாறை’ என்று எழுதச் சொல்வேன்.

ஒருமுறை ஆடியில் ஏறியபோது ஒரு மாணவி கேட்டாள், “டீச்சர், மேகம் நம்ம தலைக்கு மேலதான போவுது, பின்ன ஏன் இங்க பெய்யாம அங்க போய்ப் பெய்யுது?” எனக்குப் பிடித்த கேள்வி இது. மழை பெய்ய மேகம் இருந்தால் மட்டும் போதாது மக்ளே, ஈரக்காற்று மேலே தூக்கப்பட வேண்டும். மேலே போனால்தான் குளிர்ந்து நீராகும். பேச்சிப்பாறைப் பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் மலைச்சுவர் குறுக்கே நின்று காற்றைத் தூக்குகிறது. நம் பக்கம் தூக்க ஆளில்லை, 800 அடிக் குன்றைக் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஒரே மாவட்டத்தில் மேற்கே ரப்பரும் கிழக்கே பனையும். மாவட்டம் முழுக்கச் சராசரி எடுத்தால் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிட்டத்தட்டச் சம அளவில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு இந்தப் பேறு இல்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் எவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க, இங்கே உட்கார்ந்து தலையை மேற்கிலிருந்து கிழக்கே திருப்பினால் போதும்.

தென்மேற்கே சாமிதோப்பு, அதற்கப்பால் உப்பளங்கள், மணக்குடியில் பழையாறு அரபிக்கடலில் சேரும் கழிமுகம். உப்பளம் சதுரம் சதுரமாக வெயிலில் மின்னும், குளத்தின் கரை வளைந்து போகும். நீர்ப்பரப்பைப் பார்த்ததும் இது குளமா உப்பளமா என்று சொல்ல இந்த ஒரு அடையாளம் போதும். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் அடித்துப் போனது. கழிமுகம் கடலுக்குத் திறந்த வாசல், அலை அதன் வழியாக உள்நாட்டுக்குள் வெகுதூரம் நுழையும். பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள், அவர்களைப் பேச விடுங்கள்.

தெற்கும் தென்கிழக்கும் கடல். கடற்கரையில் நிற்கும் ஒருவருக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டர் தூரத்தில்தான். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வரும். இந்த உச்சிக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 56 கிலோமீட்டர். 800 அடி ஏறியதற்கு இவ்வளவு கடல் கூடுதலாகக் கிடைக்கிறது. மூன்று கடலும் சேரும் கோடு எங்கே என்று தேட வேண்டாம், அப்படி ஒரு கோடு தண்ணீரில் கிடையாது. நிறம் மாறித் தெரிவது ஆழத்தாலும், மேக நிழலாலும், கலங்கிய மண்ணாலும்.

கிழக்கே அஞ்சுகிராமம் பக்கம் நிறமே வேறு. செம்மண், பனை, இடையிடையே காற்றாலை. கரையோரம் வட்டக்கோட்டை இருக்கும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கே ஆரல்வாய்மொழியையும் இந்தக் கோட்டையையும் ஒரு கோட்டால் இணைத்தால், திருவிதாங்கூர் மலைக்கும் கடலுக்கும் இடையே எந்த வழியைக் காவல் காத்தது என்று விளங்கும். மலை காக்காத இடத்தைத்தான் மனிதர் சுவர் எழுப்பிக் காத்தார்கள்.

கடைசியாகச் சிவப்புப் பென்சிலோடு இன்னொரு சுற்று. மலைச்சரிவுகளில் வெளிறிப்போய், கத்தியால் வெட்டியதுபோலச் செங்குத்தாகத் தெரியும் இடங்கள் குவாரிகள். வயல் நடுவே சதுரமாகச் செம்மண் கொட்டி, கல் நட்டிருப்பவை வீட்டுமனைகள். இரண்டையும் குறியுங்கள். எனக்கு மிகவும் மனம் வலிக்கும் சுற்று இது, ஆனாலும் விட மாட்டேன். 55 கோடி ஆண்டுப் பாறை ஒரு தலைமுறைக்குள் எம் சாண்டாகப் போய்விடுகிறது. குளத்துக்கு வரும் ஓடையில் ஒரு மனை விழுந்தால், அதற்குக் கீழே எத்தனை வயல் காயும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே நீலக் கோட்டைப் பின்தொடர்ந்து எண்ணிச் சொல்கிறார்கள்.

இறங்கிய பிறகு

இறங்கும்போது வழுக்கும் பாறையில் பக்கவாட்டில் காலை வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இறங்குங்கள். குறுக்கு வழி பார்க்காதீர்கள், ஏறிய வழியே இறங்குவதுதான் பத்திரம்.

அன்றைக்கே நேரமிருந்தால் கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போய் ஒரு கைப்பிடி மணலை உள்ளங்கையில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு மணி கார்னெட், கருப்பு மணி இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. நம் மலைப்பாறை போன்றவை சிதைந்து, ஆறுகள் அடித்துவந்து, அலை கனமானதைத் தனியே ஒதுக்கியதால் கிடைத்தவை. நம் மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தோரியம் கலந்த தாது இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் கண்டறிந்தார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்பு. பார்த்த மணலை அங்கேயே போட்டுவிடுங்கள்.

திசை வட்டத்தைப் பத்திரமாக வைத்து, ஆடி மாதம் அதே தாளோடு இன்னொருமுறை ஏறுங்கள். அப்போது வேறு நிறத்தில் மூன்றை மட்டும் குறித்தால் போதும்: மகேந்திரகிரியில் மேகம் எந்த உயரத்தில் தொடங்குகிறது, காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கின்றன, மணக்குடியில் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், திறந்திருக்கிறதா, மணலால் மூடியிருக்கிறதா.